பிள்ளைகளுள்ள வீட்டில் நூலுக்குச் சாயமிட்டுப் பின்னுவது: நூல் வாங்குவதிலிருந்து வியாபாரப் பதிவு வரை

மட்டக்களப்பில் எங்கள் வீட்டுப் பின்வளவில் மூன்று வருடமாகப் பருத்தி நூலுக்கு நானே சாயமிடுகிறேன். அந்த நூலில் குழந்தைத் தொப்பி, கைப்பை, மேசை விரிப்பு என்று பின்னி விற்கிறேன். ஆண்டு நான்கில் படிக்கும் மகளும், இன்னும் மடியை விட்டு இறங்காத மகனும், மாமியும், கடைக்குப் போய் வரும் கணவரும் உள்ள வீடு. முதல் ஆறு மாதம் நான் செலவழித்த காசில் பெரும்பகுதி வீணாகிப் போனது. சொல்லித்தர ஒருவரும் இல்லை. தேடிப் படித்தவை முக்கால்வாசியும் குளிர் நாட்டுக்காரர் கம்பளிக்கு எழுதியவை. நம்மூர் வெயிலுக்கும் கிணற்றுத் தண்ணீருக்கும் பருத்திக்கும் அவை ஒத்துவரவில்லை. புதிதாகத் தொடங்கும் உங்களுக்கு அந்த ஆறு மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சாயமிடுவதில் கை வேலை கொஞ்சம், காத்திருப்பு அதிகம். ஊற, ஒட்ட, கழர, காய என்று ஒவ்வொன்றுக்கும் அதனதன் நேரம் வேண்டும். அந்த நேரத்தைச் சமையலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பிள்ளையின் நித்திரைக்கும் இடையில் பொருத்திக்கொண்டால் வேலை தானாக நடக்கும். ஒரே நாளில் உட்கார்ந்து முடிக்கப் பார்த்தால் நூலும் கெடும், வீடும் குழம்பும்.

1. கையில் இருப்பது என்ன நூல் என்று முதலில் பாருங்கள்

கடைகளில் "ஊல்" என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் அக்ரிலிக். பார்க்கக் கம்பளி மாதிரி இருக்கும், ஆனால் அது பிளாஸ்டிக் இழை. பருத்திச் சாயமும் ஒட்டாது, கம்பளிச் சாயமும் ஒட்டாது. நான் முதலில் வாங்கியது வெள்ளை அக்ரிலிக் ஆறு உருண்டை. இரண்டு நாள் ஊறவைத்துக் கழுவினேன். சாயம் முழுவதும் தண்ணீரோடு போய், நூல் வாங்கிய வெள்ளையிலேயே நின்றது.

வாங்கும் முன் ஒரு விரல் நீளம் கேட்டு வாங்கி, குறட்டில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி கடதாசி எரிகிற மணத்தோடு எரிந்து, தொட்டால் பொடியாகும் சாம்பலைத் தரும். கம்பளி தலைமயிர் கருகுவது போல மணக்கும், நெருப்பை எடுத்ததும் அணைந்துவிடும். அக்ரிலிக் உருகி, ஆறியதும் நகத்தால் உடைக்க முடியாத கறுப்பு மணியாக நிற்கும். கலப்பு நூல் இரண்டு குணத்தையும் காட்டும். அதை வாங்க வேண்டாம்.

பருத்திப் பின்னல் நூல் கிடைக்காவிட்டால் கைத்தறி நூலைப் பாருங்கள். அம்பாறை மாவட்டத்தில் மருதமுனை கைத்தறிக்குப் பேர்போன ஊர். தறிக்காரரிடம் பேசிப் பார்த்தால் சாயமிடாத நூல் கிடைக்க வாய்ப்புண்டு. தறி நூல் மிக மெல்லியது, தனி இழையில் பின்ன வராது. 2/40 என்று எழுதியிருந்தால், 40ஆம் இலக்க நூல் இரண்டைச் சேர்த்து முறுக்கியது என்று அர்த்தம். அது 100 கிராமில் ஏறத்தாழ 3,400 மீற்றர் ஓடும். எட்டு இழையைச் சேர்த்துச் சுற்றினால் 100 கிராமில் 420 மீற்றர் அளவில் வரும். குழந்தைத் தொப்பிக்கு அந்தப் பருமன் அளவானது. பைக்கு இன்னும் தடிப்பு வேண்டும், பதினைந்து இழை வரை சேர்க்கலாம். பின்னும்போது ஊசி இழைகளுக்கு நடுவே குத்தும். அதற்குக் கை பழக ஒரு வாரம் ஆகும்.

2. சாமான்களும் அவற்றில் உள்ள பொறிகளும்

பருத்திக்கு வேண்டியது ரியக்டிவ் சாயம், அதாவது இழையோடு வேதியியல் முறையில் சேர்ந்து கட்டிக்கொள்ளும் சாயம். பற்றிக் வேலை செய்வோர் சாயம் வாங்கும் கடைகளில் கேளுங்கள். கொழும்புக்குப் போகிறவர்கள் இருந்தால் புறக்கோட்டையில் விசாரிக்கச் சொல்லலாம். கேட்கும்போது "குளிர் நீரில் பிடிக்கும் வகையா, சூடு வேண்டிய வகையா" என்று கட்டாயம் கேளுங்கள். குளிர் வகை நம்மூர்ச் சாதாரண வெக்கையிலேயே பிடிக்கும். சூட்டு வகைக்கு 80 பாகை வரை சூடு கொடுத்து வைத்திருக்க வேண்டும், வீட்டில் அது பெரும் பாடு. இரண்டும் ஒரே மாதிரித் தூள்தான், கண்ணால் பார்த்து வித்தியாசம் பிடிக்க முடியாது.

இரண்டாவது சலவைச் சோடா. பலரும் தவறுவது இங்கேதான். "சோடா" என்று மட்டும் கேட்டால் அப்பச்சோடாவைத் தந்துவிடுவார்கள். அது இந்த வேலைக்குப் போதிய காரம் இல்லாதது, நிறம் வெளிறிப் போகும். கோஸ்டிக் சோடா இதற்கு நேர் எதிர், தோலையே எரித்துவிடும். பிள்ளைகள் உள்ள வீட்டுக்குள் அதைக் கொண்டுவரவே வேண்டாம். உங்களுக்கு வேண்டியது சோடியம் காபனேற்று. பொதியில் அந்தப் பெயரை வாசித்த பிறகு காசைக் கொடுங்கள்.

மூன்றாவது யூரியா. வயல் செய்கிற வீடுகளில் இருக்கும் அதே யூரியாதான், ஒரு கைப்பிடி கேட்டு வாங்கினால் மாதக்கணக்கில் போதும். சாயக் கரைசலில் கலந்தால் நூலில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஈரம் இருக்கும் வரைதான் சாயம் ஒட்டும்.

இவற்றோடு கிராமில் ஒரு தசமம் வரை காட்டும் சின்னத் தராசு, இறப்பர்க் கையுறை, முகக்கவசம், மூடி துளையிட்ட பழைய சோஸ் போத்தல்கள், இரண்டு வாளி, ஒரு பெரிய எவர்சில்வர்ச் சட்டி. சாயத்துக்கு எடுத்த சட்டியும் கரண்டியும் திரும்பக் குசினிக்குள் போகக் கூடாது. நான் அவற்றின் பிடியில் சிவப்புத் துணி கட்டி, கிணற்றடியில் தனியாக வைத்திருக்கிறேன்.

சாயத்தூள் மூச்சுக்குள் போவதுதான் இந்த வேலையில் உள்ள பெரிய ஆபத்து. திரும்பத் திரும்ப முகர்ந்தால் இழுப்பு வரலாம். தூளைத் திறக்கும்போது முகக்கவசம் போடுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக் கூடாது. தண்ணீரில் கரைத்து மூடியைப் பூட்டிய பிறகு அந்தப் பயம் இல்லை. என் மகள் கையுறை போட்டுக்கொண்டு போத்தலை அமுக்கி நிறம் ஊற்றுவது அதற்குப் பிறகுதான்.

மஞ்சள், பீற்றூட் என்று அடுப்படிப் பொருட்களில் தொடங்க ஆசை வரும். மஞ்சள் முதல் நாள் கண்ணைப் பறிக்கும். ஒரு வாரம் கொடியில் கிடந்தால் வெளிறிவிடும். வெங்காயத் தோலைச் சீனக்காரத்தோடு சேர்த்து அவித்தால் ஓரளவு நின்று பிடிக்கும். விற்பதற்கு என்றால் இப்போதைக்கு இரண்டையும் விட்டுவிடுங்கள்.

3. தண்ணீர்

கிணற்றுத் தண்ணீரில் இரும்பு இருந்தால் நிறம் மங்கும். மஞ்சளும் இளஞ்சிவப்பும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். வெள்ளை வாளியில் ஓர் இரவு தண்ணீரை வைத்துப் பாருங்கள். அடியில் துரு நிறத்தில் படிந்தால் அந்தத் தண்ணீரைக் கடைசிக் கழுவலுக்கு மட்டும் வையுங்கள். சாயம் கரைக்கக் குழாய்த் தண்ணீர் எடுங்கள். மழைத் தண்ணீர் அதைவிட நல்லது.

4. சுற்றுதல், அவித்தல்

உருண்டையாக உள்ள நூலுக்குச் சாயம் உள்ளே போகாது. இரண்டு கதிரைகளை முதுகுப்பக்கம் எதிரெதிராக வைத்து, அவற்றைச் சுற்றி நூலை ஓட்டி நீளக் கட்டாக எடுங்கள். கட்டைக் கழற்றும் முன் நான்கு இடத்தில் வேறு பருத்தி நூலால், எட்டு என்ற இலக்கத்தின் வடிவில், தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் அந்த இடம் வெள்ளையாக நிற்கும். கட்டாமல் விட்டால் பிரித்தெடுக்க ஒரு பகல் போகும். கதிரையில் சுற்றுவது இரவு வேலை. எங்கள் வீட்டில் மகள் எண்ணிக்கை சொல்ல, நான் சுற்றுவேன்.

புது நூலில் மெழுகும் எண்ணெயும் இருக்கும். ஒரு பெரிய சட்டித் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சலவைச் சோடா, கொஞ்சம் சவர்க்காரத்தூள் போட்டு ஒரு மணித்தியாலம் அவியுங்கள். வெள்ளை வெளேரென்று இருந்த நூலிலிருந்து தேயிலைச் சாயம் போல மஞ்சள் தண்ணீர் இறங்கும். அதைப் பார்த்த பிறகு இந்தப் படியைத் தாண்டிப் போக உங்களுக்கே மனம் வராது. அவிக்காத நூல் நிறத்தைத் திட்டுத் திட்டாகத்தான் பிடிக்கும்.

5. சாயமிடும் நாள்

நான் சனிக்கிழமையைத்தான் எடுப்பேன். 100 கிராம் நூலுக்குக் கணக்கு இது. ஒரு லீற்றர் தண்ணீரில் 50 கிராம் சலவைச் சோடாவைக் கரைத்து, அவித்த நூலை அரை மணித்தியாலம் ஊறவையுங்கள். சோறு வடிக்கும் நேரம் இதற்குப் போதும். பிறகு நன்றாகப் பிழிந்தெடுங்கள். அந்தச் சோடாத் தண்ணீரைக் கொட்ட வேண்டாம். சாயம் கலக்காத வரை அடுத்த முறைக்கும் உதவும், போத்தலில் ஊற்றிப் பெயர் எழுதி உயரத்தில் வையுங்கள்.

நடுத்தர நிறத்துக்கு 2 கிராம் சாயத்தூள், கடும் நிறத்துக்கு 4, கறுப்புக்கு 8 கிராம். முதலில் 10 கிராம் யூரியாவை 100 மில்லிலீற்றர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரையுங்கள். அதில் கொஞ்சம் எடுத்துச் சாயத்தூளைப் பசையாகக் குழைத்து, பிறகு மிச்சத்தை ஊற்றிக் கலக்குங்கள். கொதிநீர் கூடாது. சோடாவைச் சாயப் போத்தலுக்குள் போடவும் கூடாது. போட்டால் சாயம் நூலை எதிர்பார்த்து நிற்காது, தண்ணீரோடேயே சேர்ந்து சில மணித்தியாலத்தில் செத்துப்போகும். சோடா நூலில் இருக்கட்டும், சாயம் போத்தலில் இருக்கட்டும், இரண்டும் சந்திக்கும் இடம் நூலாக இருக்கட்டும்.

சின்னவன் நித்திரை கொண்டதும் பழைய மேசையில் பொலித்தீன் விரித்து, நூலை நீட்டி வைத்து, போத்தலால் நிறம் ஊற்றிக் கையுறை விரலால் அழுத்துவேன். இதற்கு முக்கால் மணித்தியாலம் போதும். ஊற்றிய நிறம் முதலில் மேலேயே ஒரு குமிழாக நிற்கும். விரலால் அழுத்தினால் நூலுக்குள் இறங்கி, பக்கத்து நிறத்தைத் தொடும் இடத்தில் மூன்றாவது நிறம் பிறக்கும். கட்டைப் புரட்டிப் பின்பக்கமும் பாருங்கள், வெள்ளை ஒளிந்திருப்பது அங்கேதான். உப்பு வேண்டாம். உப்புப் போடுவது ஒரு வாளி நிறையத் தண்ணீரில் ஒரே நிறமாகத் தோய்க்கும் முறைக்கு.

பிறகு சொப்பிங் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டி, நிழலில் வைத்துவிட்டுப் போய்விடுங்கள். நம்மூர் வெக்கை இந்த வேலைக்கு வரம். சாதாரண நாளில் ஓர் இரவு போதும். மழைக்காலத்தில் முழுதாக ஒரு நாள் விடுங்கள். மயில்நீலம் மற்ற நிறங்களைவிட மெதுவாகப் பிடிக்கும், அதற்கு எந்தக் காலத்திலும் ஒரு நாள். கோயிலுக்குப் போகலாம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பார்க்கலாம். இன்னும் பன்னிரண்டு மணித்தியாலம் கூடினாலும் நூலுக்கு ஒன்றும் ஆகாது.

6. கழுவுதல்: இதில் அவசரப்படாதீர்கள்

நான் விற்ற இரண்டாவது பொருள் ஒரு சிவப்புத் தொப்பி. பக்கத்து ஊரில் ஒரு குழந்தையின் முப்பத்தோராம் நாளுக்கு வாங்கினார்கள். அன்று வெக்கை, குழந்தைக்கு வியர்த்து, நெற்றியிலும் வெள்ளைச் சட்டையின் கழுத்திலும் சிவப்பு இறங்கிவிட்டது. அந்தத் தாய் சண்டை பிடிக்கவில்லை. "அக்கா, இது பிள்ளைக்கு ஒன்றும் செய்யாதுதானே?" என்று மட்டும் கேட்டா. நான் காசைத் திருப்பிக் கொடுத்தேன். அன்று இரவு நித்திரை வரவில்லை.

போடுகிற சாயம் முழுவதும் நூலோடு சேராது. ஒரு பங்கு தண்ணீரோடு சேர்ந்து வலுவிழந்து, நூலில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். பிறகு இளகி வருவது அதுதான். குளிர் நீரில் எத்தனை தரம் அலசினாலும் அது முழுதாகப் போகாது, சூடு வேண்டும். நான் செய்தது குளிர் நீர் அலசல் மட்டும்.

முறை இது. முதலில் குளிர் நீரில், நூலில் சோடாவின் வழுவழுப்புப் போகும் வரை அலசுங்கள். சோடா போகாமல் சுடுநீர் ஊற்றினால் ஒட்டாத சாயம் கழர மறுக்கும். அதன் பிறகு கொதித்து இறக்கிய நீரை வாளியில் ஊற்றி, நூலை அமிழ்த்தி, அரை மணித்தியாலம் விடுங்கள். தண்ணீர் கடும் நிறமாகும், பயப்பட வேண்டாம். கொட்டிவிட்டுத் திரும்பவும் செய்யுங்கள். சிவப்புக்கும் மயில்நீலத்துக்கும் நாலைந்து தரம் ஆகும். கடைசித் தண்ணீரைக் கண்ணாடிக் கிளாசில் எடுத்து வெள்ளைக் கோப்பைத் தட்டின் மேல் வைத்துப் பாருங்கள். குடிக்கிற தண்ணீர் போலத் தெளிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும், ஈர நூலை வெள்ளைத் துணியில் சுற்றி மேலே அம்மிக்குழவியை வைத்து ஓர் இரவு விடுவேன். காலையில் துணி வெள்ளையாக இருந்தால்தான் அந்த நூலில் பின்னத் தொடங்குவேன்.

மாமி பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "மறுகா ஏன் புள்ள இவ்வளவு பாடு? உப்புத் தண்ணியில ஊறப்போட்டா சாயம் நிக்கும்" என்றா. எல்லா வீட்டிலும் சொல்வதுதான். ஆனால் ரியக்டிவ் சாயத்தை நூலோடு கட்டி வைப்பது சோடா. அந்த வேலை பைக்குள்ளேயே முடிந்துவிட்டது, இனிமேல் உப்போ வினாகிரியோ ஒன்றும் சேர்க்காது.

கழுவிய தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்ற வேண்டாம். நம் கரையோர மணலில் ஊற்றியது நேரே கிணற்றுக்கு இறங்கும். வாவிக்குப் போகும் வடிகானிலும் வேண்டாம். கிணற்றிலிருந்து தூரத்தில், மரஞ்செடி இல்லாத மூலையில் ஒரு குழி வெட்டிக்கொள்ளுங்கள்.

நூலை நிழலில் உலர்த்துங்கள். கச்சான் அடிக்கும் மாதங்களில் அரை நாளில் காய்ந்துவிடும்.

வெளிநாட்டு உறவுகள் சாயமிடாத கம்பளி கொண்டுவந்து தந்தால் மேலே சொன்ன எதையும் அதற்குச் செய்யாதீர்கள். சோடா கம்பளியைக் கெடுக்கும். அதற்கு அமிலச் சாயமும் வினாகிரியும் வேண்டும். 85 பாகைச் சூட்டில் அரை மணித்தியாலம், தளதளவென்று கொதிக்க விடாமல் வைத்து, அதே தண்ணீரில் ஆறவிட வேண்டும். சூட்டிலிருந்து சடாரென்று குளிருக்கு மாற்றினால் சுருங்கிக் கட்டிபட்டுப் போகும்.

7. பிள்ளைகள் நடுவே பின்னுவது

சிறு பிள்ளை உள்ளவர்கள் குரோசே ஊசியில் தொடங்குங்கள். அதில் ஊசியில் பிரியக்கூடிய நிலையில் நிற்பது ஒரே ஒரு கண் (நூல் வளையம்). பிள்ளை இழுத்துவிட்டால் நாலைந்து கண் பிரியும், அவ்வளவுதான். இரட்டை ஊசிப் பின்னலில் ஊசி உருவினால் வரிசை முழுவதும் கழரும். நான் இரட்டை ஊசியை இரவு ஒன்பதுக்குப் பிறகுதான் கையில் எடுப்பேன். குரோசே பகலில், கிளினிக் வாங்கிலும் பள்ளிக்கூட வாசலிலும் என்னோடு வரும்.

எதைப் பின்னுவதென்றாலும் முதலில் 10 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் கூடிய சதுரம் ஒன்று பின்னி, கழுவி, காயவைத்து, பிறகு அளந்து கண்ணை எண்ணுங்கள். பருத்திக்குத் தானாக இழுபட்டுச் சுருங்கும் குணம் இல்லை, கழுவினால் அளவு மாறும். பிறந்த குழந்தையின் தலைச் சுற்று 35 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். தொப்பியை அதைவிட இரண்டு சென்ரிமீற்றர் குறைத்துப் பின்னினால் தலையில் நிற்கும். குழந்தைப் பொருளில் நீள நாடாவும் பொத்தானும் வைக்காதீர்கள்.

ஒரு பொருளுக்கு வேண்டிய நூல் முழுவதையும் ஒரே தடவையில் சாயமிடுங்கள், பத்துக்கு ஒன்று கூடுதலாக. பாதியில் முடிந்தால் அதே நிறம் திரும்ப வராது. ஒவ்வொரு தடவையும் திகதி, நூல் எடை, சாயக் கிராம், எந்தத் தண்ணீர் என்று ஒரு மட்டையில் எழுதி, அந்த நூலில் ஒரு துண்டை அதிலேயே கட்டிவையுங்கள்.

8. விலை

நூல் விலை மாறிக்கொண்டே இருக்கும். கணக்குப் போடும் முறையைச் சொல்கிறேன், உங்கள் கடை விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். 100 கிராம் நூல் 800 ரூபா என்று வைத்தால், 50 கிராம் பிடிக்கும் தொப்பிக்கு 400. சாயம், சோடா, கையுறை எல்லாம் சேர்த்து 100. கேஸ் 60. பின்ன நான்கு மணித்தியாலமும் சாய வேலையில் அதன் பங்காக ஒன்றும், ஆக ஐந்து மணித்தியாலம். மணித்தியாலம் 200 ரூபா என்றால் 1,000. மொத்தம் 1,560. இதில் நேரத்தை விட்டுவிட்டு 700 ரூபாவுக்கு விற்பவர்களைப் பார்க்கிறேன், நானும் ஒரு வருடம் அப்படித்தான் விற்றேன். வீட்டில் இருந்து செய்வதால் நேரம் சும்மா வந்ததாக நினைத்துவிடுகிறோம். நித்திரையைக் குறைத்து எடுத்த மணித்தியாலம் அது. விலையில் அது இருக்க வேண்டும்.

9. பதிவும் ஆவணங்களும்

தெரிந்தவர்களுக்குச் சின்ன அளவில் விற்றுப் பார்த்த பிறகு, கடைகளுக்குக் கொடுக்கவும் வியாபாரப் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கவும் வியாபாரப் பெயர்ப் பதிவு வேண்டும். அது பிரதேச செயலகத்தில் நடக்கும். விண்ணப்பப் படிவம், தேசிய அடையாள அட்டைப் பிரதி, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், தொழில் செய்யும் இடத்துக்கான ஆதாரம் ஆகியவை தேவைப்படும். கடைசியானதில்தான் நான் இரண்டு தரம் திரும்பி வந்தேன். எங்கள் வளவு உறுதி மாமாவின் பெயரில் இருக்கிறது. சொந்தக்காரர் வேறு ஆள் என்றால் அவருடைய சம்மதக் கடிதத்தையும் உறுதிப் பிரதியையும் முதலிலேயே எடுத்துப் போங்கள். வாடகை வீடு என்றால் ஒப்பந்தம். கட்டணத்தையும் தேவையான ஆவணங்களையும் முதல் நாளே தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கிராம உத்தியோகத்தர் அலுவலகத்தில் இருக்கும் நாளையும் கேளுங்கள். கைப்பிள்ளையோடு ஒரு பயணம் வீணானால் அது ஒரு முழு நாள். எல்லாவற்றிலும் இரண்டு பிரதி எடுத்து, மூலத்தையும் கொண்டுபோங்கள்.

சாயமிடல் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரத்தோடு தொடர்புடைய தொழில். ஆட்களை வைத்துப் பெரிதாகச் செய்யும் எண்ணம் இருந்தால், கொட்டில் போடும் முன்பே மத்திய சுற்றாடல் அதிகாரசபை உத்தியோகத்தரிடம் பேசுங்கள். தேசிய அருங்கலைகள் பேரவையில் கைவினைஞராகப் பதிவதைப் பற்றியும், சிறுதொழில் செய்வோருக்குத் தொழில்நுட்பம் சொல்லித்தரும் அரச நிலையமான விதாதா வள நிலையத்தின் பயிற்சிகளைப் பற்றியும் செயலகத்துக்குப் போன அன்றே கேட்டு வந்துவிடுங்கள்.

10. ஓடர் எடுக்கும் காலம்

நத்தாருக்கும் தைப்பொங்கலுக்கும் ஓடர் குவியும் நேரமும் நம்மூரில் மழை கொட்டும் நேரமும் ஒன்றுதான். கார்த்திகை, மார்கழியில் ஒரு கட்டு நூல் காய நாலு நாள் பிடிக்கும், ஈரத்தில் மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் நூல் முழுவதையும் புரட்டாதி முடிவதற்குள் சாயமிட்டுக் காயவைத்து, வேப்பிலையோடு தகர டப்பாவில் அடைத்துவிடுவேன். மழை மாதங்களில் பின்னல் மட்டும். டிசெம்பர் ஓடருக்குப் புது நிறம் கேட்பவர்களிடம், டப்பாவில் உள்ள நிறங்களைப் படமெடுத்து அனுப்பி, அதில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லுங்கள். பார்சலுக்குள் ஒரு துண்டுக் கடதாசியில் "முதல் இரண்டு தரம் தனியாகத் துவைக்கவும், நிழலில் உலர்த்தவும்" என்று எழுதி வைக்க மறக்காதீர்கள்.